கோடு வரைக்கும் தண்ணீர்

எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்புகிற ஒருத்தி, எதைச் சோதிக்காமல் விட்டுவைப்பாள்? ஹெலனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது. அவளிடமே போய் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், பதில் சொல்வதற்கு முன் குனிந்து கேட்டவரின் செருப்புத் தையலைப் பார்த்திருப்பாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஹெலன் பைனல் செக்கிங் மேசையில் நிற்கிறாள். வெட்டி, தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூ, பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக அவள் கையைத் தாண்ட வேண்டும். இடது கட்டைவிரல் ஷூவுக்குள் ஒரு சுற்று சுற்றும். வலது கை தையல் ஓரமாக ஒருமுறை நகரும். அவ்வளவுதான். கண்ணுக்குத் தப்பிய தையல் விரலுக்குத் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பள்ளிகொண்டாவிலிருந்து பத்தொன்பது வயதில் கம்பெனி வேனில் வந்து, நூல் கத்தரிக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக அந்த மேசைக்கு வந்தவள். இப்போது முப்பத்து நான்கு வயது. அவள் திருப்பி அனுப்பிய ஷூக்களை வரிசையாக வைத்தால் வேலூர் வரை போகும் என்று தையல் லைன் பெண்கள் சொல்வார்கள். பாராட்டாகச் சொன்னதில்லை.

இந்தக் குணம் கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் தொழில் என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. அவளுடைய திருமண ஆல்பத்தில், கோயிலில் மோதிரம் மாற்றும் படத்தில், மணப்பெண் தலை குனிந்திருக்கிறாள். வெட்கம் என்று உறவினர்கள் நினைத்தார்கள். மாப்பிள்ளையின் கோட்டுக் கையில் பொத்தான் நூல் பிரிந்திருந்ததைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு முதல் வேலையாக அதைத் தைத்துக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை அந்தோணி, தோல் தொழிற்சாலையில் ட்ரம் பிரிவில் இருப்பவன். ட்ரம் என்றால் ஓர் அறையளவு பெரிய மர உருளை. அதற்குள் தோலைப் போட்டு, தண்ணீரும் மருந்தும் விட்டு, மணிக்கணக்காகச் சுற்ற விடுவார்கள். தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று மருந்தை நிறுத்துப் போட வேண்டும். அதில் அந்தோணி கெட்டி. இருபது வருடத்தில் ஒரு லாட் தோலைக்கூடக் கெடுத்ததில்லை என்று அவன் சொல்வான். இரண்டு என்று மேஸ்திரி சொல்வார்.

திருமணமான இரண்டாம் வருடம் அவன் வாசல் கதவுக்குத் தானே ஒரு புதுத் தாழ்ப்பாள் பொருத்தினான். நண்பர்கள் நாலு பேர் வந்து நின்று பார்த்தார்கள். ஹெலன் உள்ளிருந்து டார்ச் லைட்டோடு வந்து, குனிந்து பார்த்து, "மூணாவது ஸ்க்ரூ சாஞ்சிருக்கு" என்றாள். உண்மையாகவே சாய்ந்திருந்தது. அந்தோணி தாழ்ப்பாளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மூன்று மாதம் அந்தக் கதவு கயிறு கட்டிச் சாத்தப்பட்டது. அதன் பிறகு பல வருடங்களுக்கு அவன் வீட்டில் ஒரு பல்பைக்கூட மாற்றவில்லை. சரியாகச் சொன்னவளுக்குக் கிடைத்த லாபம் இது.

திருமணமாகி ஒன்பது வருடம் கழித்து ஜெனிஷா பிறந்தாள். மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். அறுவைக்குப் பிறகு ஹெலனுக்குக் காய்ச்சல் வந்து தாய்ப்பால் போதாமல் போயிற்று. இருக்கிற பாலைக் கொடுங்கள், மீதிக்கு டப்பா பவுடர் கலந்து கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவமனை நர்ஸ் கலக்கிக் காட்டியபோது ஹெலன் படுக்கையில் இருந்தாள். பார்த்துக் கற்றுக்கொண்டவன் அந்தோணி.

வீட்டுக்கு வந்த அன்றே அவன் அறிவித்துவிட்டான். "பாட்டில் வேலை என்னுது. இதுல நீ கை வைக்காத."

ஹெலன் சரி என்றாள். அவன் ஷிப்டில் இருக்கும் நேரத்துக்குத் தாய்ப்பால், மற்ற வேளைக்குப் பாட்டில் என்று ஆயிற்று. தாழ்ப்பாளுக்குப் பிறகு அவன் வீட்டில் தானாகக் கையில் எடுத்த முதல் வேலை அது.

அதை அவன் செய்த விதத்தைப் பார்த்தால் சிரிக்காமலும் இருக்க முடியாது, முழுதாகச் சிரித்துவிடவும் முடியாது. தோல் மருந்து பட்ட கை என்று முழங்கை வரை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவான். பாட்டில்களையும் ரப்பர் காம்புகளையும் பிரஷ்ஷால் தேய்த்து, பெரிய பாத்திரத்தில் மூழ்க வைத்து, கொதி வந்த பிறகு கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். பவுடர் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவான். மே மாதத்து ஆம்பூரில் மின்விசிறியை நிறுத்துகிறவன் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லை அந்தோணியாக இருக்க வேண்டும். டப்பாவோடு வந்த அளவுக் கரண்டியில் பவுடரை மொண்டு, கத்தியின் முதுகால் தலையைத் தட்டையாக வழிப்பான். குழந்தை குடித்து மிச்சம் வைத்தால் அப்படியே கொட்டிவிடுவான்.

பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவுக்கு இந்தக் கொட்டுகிற காரியம் பொறுக்கவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்தவள்.

"இன்னா தம்பி, இத்தனை பாலைக் கொட்றே? அடுத்த தபா குடுத்தா ஆகாதா?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சின்னா அதுல பூச்சி வளரும் அக்கா."

"என் பசங்களுக்கெல்லாம் வளரலியே."

"உங்க பெரிய பையனைப் பாத்தா அப்டி சொல்ல முடியாது."

"அடப்பாவி! கேட்டியா ஹெலன், உன் வூட்டுக்காரன் பேசறத? பால் கலக்கறானா ஆபரேஷன் பண்றானான்னே தெரியல. அதுக்கு வாயி வேற."

இப்படி நான்கரை மாதம் போயிற்று. குழந்தை நன்றாகத்தான் இருந்தது.

ஹெலனின் பேறுகால விடுப்பு முடிய இரண்டு வாரம் இருந்தபோது ஏற்பாடுகள் தொடங்கின. அந்தோணிக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். ஹெலன் கம்பெனியிலிருந்து வர ஆறு ஆகும். இடையில் உள்ள நான்கு மணி நேரம் ஜெனிஷாவை ஜஹீருன்னிசா பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் பால் கலப்பதற்கு அவள் பயந்தாள்.

"அஞ்சு கரண்டின்றே. யாராவது பேச்சு குடுத்தா மூணா நாலான்னு எனக்கு மறந்துரும். அப்புறம் கம்மியா போச்சி ஜாஸ்தியா போச்சின்னு உன் பேஜார் தாங்காது."

அந்தோணி ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். கொதிக்க வைத்துக் காய்ந்த பாட்டில்களில் ஐந்தைந்து கரண்டி பவுடரை முன்கூட்டியே போட்டு மூடி, அலமாரியில் வரிசையாக நிற்க வைத்தான். ஒவ்வொரு பாட்டிலிலும் நூற்றைம்பது மில்லி குறியின் மேல் சிவப்பு டேப் ஒட்டினான். பக்கத்தில் பிளாஸ்க் நிறையக் கொதித்த தண்ணீர்.

"கோடு வரைக்கும் தண்ணி ஊத்து. மூடு. மெதுவா உருட்டு. குழாத் தண்ணில புடிச்சி ஆத்து. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு சூடு பாரு. அவ்ளோதான்."

"இது எனக்கு வரும்" என்றாள் ஜஹீருன்னிசா.

பழகட்டும் என்று அன்றிலிருந்தே எல்லா வேளைக்கும் இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தான்; அவன் ஷிப்டில் இருக்கும்போது ஜஹீருன்னிசா வந்து தண்ணீர் ஊற்றினாள். அலமாரியில் ஆறு பாட்டில் நிற்கும் அழகை அவன் தள்ளி நின்று ரசிப்பதை ஹெலன் பார்த்திருக்கிறாள். மருத்துவமனை நர்ஸ் தண்ணீரை முதலில் அளந்து, அதன் பிறகே பவுடரைப் போட்டாள் என்பது அவனுக்கு மறக்கவில்லை. எது முன், எது பின் என்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்தான். ட்ரம்மில் தோல்தான் முதலில் போகும். அதற்குப் பிறகுதான் உருளையின் நடு அச்சு மட்டம் வரை தண்ணீர். இருபது வருடமாக அப்படித்தான், எந்தத் தோலும் புகார் சொன்னதில்லை.

நான்காம் நாள் ஜெனிஷா முக்க ஆரம்பித்தாள். முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, வெகுநேரம் அழுத பிறகு ஆட்டுப் புழுக்கை போல இரண்டு உருண்டை வந்தது. பிறகு அதுவும் நின்றது. குடித்து முடித்த பின்னும் தாகம் போல உதட்டைச் சப்பினாள். நனையும் துணிகள் குறைந்தன. நான்கு நாள் வயிறு போகவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். "திங்கக்கிழமை வர்ற இல்ல? புது ஆர்டர் வந்திருக்கு. நீ வரலைன்னா அந்த மேசைக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க. அப்புறம் என்னைக் கேக்காத."

"வர்றேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டு, மடியில் முனகிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு அந்தோணியிடம் சொன்னாள், "இவளுக்குச் சரியாகலன்னா நான் போகமாட்டேன். சொல்லிட்டேன்."

"பதினஞ்சு வருஷம் பாடுபட்டு வந்த மேசை அது."

"தெரியும்."

ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஜஹீருன்னிசா வெயில் சூடு என்றாள், வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைத்தால் ஒரே நிமிடம் என்றாள். ஹெலன் அதற்கு மட்டும் விடவில்லை. அந்தோணி கேன் தண்ணீரைச் சந்தேகப்பட்டான். தொழிற்சாலையில் ட்ரம் தண்ணீரைச் சோதிக்கும் காகிதத்தில் நாலு துண்டு கொண்டுவந்து, கொதித்த தண்ணீரில் நனைத்து, நிறம் பார்த்து, "நார்மல்" என்று தீர்ப்புச் சொன்னான். அதோடு கரண்டியை இன்னும் கவனமாக வழிக்கத் தொடங்கினான். கவனம் கூடக் கூட, தவறும் அதே துல்லியத்தோடு நடந்துகொண்டிருந்தது.

ஹெலன் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் சோதித்தாள். டப்பாவின் தேதி. ரப்பர் காம்பின் ஓட்டை பெரிதா சிறிதா என்று பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டுகளை எண்ணினாள். பாட்டில் அடியில் சோப்பு தங்குகிறதா என்று விரலை விட்டுத் தடவி முகர்ந்தாள். பிளாஸ்க் மூடியைக் கழற்றி உள் ரப்பரைப் பார்த்தாள். தான் சாப்பிடுகிற சாப்பாட்டைக்கூட மாற்றிப் பார்த்தாள். வேலைக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பே குழந்தைக்கு ஆகவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. நல்ல செக்கர் இப்படி யோசிக்கக்கூடாது, ஆனால் யோசித்தாள். அலமாரியில் நின்ற ஆறு பாட்டில்களை மட்டும் தொடவில்லை. அந்தோணி பவுடர் போடும்போது அடுப்படிப் பக்கமே போகாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சந்தேகிக்கச் சொன்ன தத்துவவாதிகளும், தங்களுக்குச் சோறு போட்ட கையைச் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. அவர்களை மன்னிக்கிறவர்கள் ஹெலனையும் மன்னிக்கலாம்.

சனிக்கிழமை காலை வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். ஜஹீருன்னிசா வாசலில் நின்று, "டாக்டரு கிட்ட வெத்தலக் காம்பு வைக்கலாமான்னு கேளு. கேட்டா இன்னா ஆயிடப்போவுது?" என்று வழியனுப்பினாள். அந்தோணியின் பையில் பவுடர் போட்ட பாட்டில்கள் மூன்று, பிளாஸ்க் ஒன்று, துண்டு ஒன்று. கூட்டத்தில் பை நசுங்காமல் இருக்க அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே பாதி தூரம் வந்தான்.

குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், எடை போட்டார். எடை ஏறவில்லை. "பயப்படற மாதிரி இல்ல. நீர்ச்சத்து கம்மியா இருக்கு. பால் எப்படிக் கலக்கறாங்கன்னு பாருங்க சிஸ்டர்" என்று நர்ஸ் அம்பிகாவிடம் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அந்தோணி எதிர்க் கடைக்குப் போனான்.

அம்பிகா ஐம்பதை நெருங்கியவள். எத்தனையோ ஆயிரம் தாய்மார்களைப் பார்த்த முகம். இப்படிப்பட்ட முகங்களில் வியப்பு சீக்கிரம் வராது.

"பசிக்கு அழுவுதே. இங்கயே கலக்கிக் காட்டுமா" என்றாள்.

ஹெலன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பையைத் திறந்தாள். பவுடர் போட்ட பாட்டிலை எடுத்தாள். பிளாஸ்க்கைத் திறந்து சிவப்புக் கோடு வரை தண்ணீர் ஊற்றினாள். அவள் அந்தக் காரியத்தைத் தன் கையால் செய்தது அதுதான் முதல் தடவை.

"நில்லு" என்றாள் அம்பிகா. "பவுடர் எத்தினி கரண்டி?"

"அஞ்சு."

"தண்ணி எவ்ளோ?"

"நூத்தம்பது."

"எங்க அளந்தே நூத்தம்பது?"

ஹெலன் கோட்டைக் காட்டினாள். அம்பிகா அங்கிருந்த சுத்தமான வெறும் பாட்டில் ஒன்றை எடுத்து, பிளாஸ்க்கிலிருந்து சரியாக நூற்றைம்பது அளந்தாள். அதை அந்தோணியின் இரண்டாவது பாட்டிலில், பவுடரின் மேல் அப்படியே ஊற்றினாள். பால் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டி அரை விரல் அகலம் மேலே போய் நின்றது.

"பாத்தியா? பவுடரும் எடம் புடிக்குது இல்ல? நீ கோடு வரைக்கும்னு ஊத்தறப்போ அந்த எடத்துக்குத் தண்ணி கம்மி. ஒரு வேளைன்னா பரவால்ல. ஒரு நாளைக்கு ஆறு வேளை, இந்த வெயில்ல. பால் கெட்டியா போய், குழந்தைக்குத் தண்ணி பத்தல. வயிறு எப்படிப் போவும்?"

ஹெலன் அந்த அரை விரல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான ஷூக்களில் இதைவிடச் சிறிய தவறுகளை விரலால் கண்டுபிடித்தவள்.

"பவுடரை முன்னாடியே போட்டு வெக்கறது தப்பில்ல" என்றாள் அம்பிகா. "காஞ்ச பாட்டிலா இருந்தா சரி. தண்ணிய மட்டும் வேற பாட்டில்ல அளந்து இதுல ஊத்து. தண்ணி நல்லா சூடா இருக்கணும், அப்போதான் பவுடர்ல இருக்கற கிருமி சாவும். அப்புறம் ஆத்திக் குடு. மத்ததெல்லாம் நல்லா சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

மருந்தோடு அந்தோணி திரும்பி வந்து வாசலில் நின்றது அப்போதுதான். மேசை மேல் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பால் கோட்டில் நின்றது, ஒன்றில் கோட்டுக்கு மேல். அளவுகளோடே வாழ்ந்தவன், பார்த்ததும் புரிந்துகொண்டான்.

அம்பிகா நோட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். "வூட்ல பால் கலக்கறது யாரு?"

அந்தோணி வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் ஹெலன்.

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே. டப்பாவுலயே படம் போட்டு எழுதியிருக்கானே, பாக்கக்கூடாதா?"

"பாக்கல சிஸ்டர். தப்புதான்."

அம்பிகா அந்தோணியின் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க இன்னா வேலை?"

"டேனரில... ட்ரம்மு."

"நல்லதா போச்சி. அளவு தெரிஞ்ச ஆளு. இனிமே பாட்டில் வேலைய நீங்களே பாத்துக்குங்க. இவங்களை நம்பாதீங்க. வாங்க, சொல்லித் தர்றேன்."

அந்தோணி வந்தான். கையைக் கழுவச் சொன்னாள், முழங்கை வரை கழுவினான். வெறும் பாட்டிலில் தண்ணீரை அளந்தான், குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தான், பவுடரின் மேல் ஊற்றினான். "பாத்தீங்களாமா, ஆம்பள இன்னா நிதானமா செய்றாரு" என்று ஹெலனிடம் சொன்னாள் அம்பிகா. ஹெலன் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஹெலன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெனிஷா அவள் தோளில் தூங்கினாள். பள்ளிகொண்டா தாண்டியதும் அந்தோணி மெதுவாகக் கேட்டான்.

"ஏன் அப்டி சொன்னே?"

"எப்டி?"

"நீதான் கலக்கறேன்னு."

"சத்தம் போடாதீங்க. இப்போதான் தூங்கறா."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெனிஷாவுக்கு முக்காமல் மலம் போயிற்று. திங்கட்கிழமை ஏழே கால் மணிக்குக் கம்பெனி வேன் வந்தபோது, அந்தோணி ஜஹீருன்னிசாவுக்குத் தண்ணீர் அளக்கும் தனி பாட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தான். ஹெலன் அடுப்படியை எட்டிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வேலூர் விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஜஹீருன்னிசா அதைப் பல மாதம் விடவில்லை. "ஊரு ஷூவெல்லாம் செக் பண்றா. பாட்டில்ல கோடு போடச் சொன்னதே இவதானாம். சொந்தக் கொழந்த பால்ல தண்ணி கம்மின்னு இவளுக்குத் தெரியல. நல்லவேளை, அந்தோணி இருந்தான்" என்று ஆள் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சில நேரம் அந்தோணியும் அங்கே நிற்பான், தரையைப் பார்த்துக்கொண்டு. ஹெலன் ஏன் அந்தப் பழியை ஏற்றாள்? இந்தக் கதையைக் கேட்டவர்களில் அன்பு என்றார்கள் சிலர். சிலருக்கு அது கணக்கு. அவன் உடைந்து போனால் திங்கட்கிழமை யார் பாட்டிலைத் தொடுவது? தான் பார்க்கத் தவறியதற்குத் தானே போட்டுக்கொண்ட சிவப்பு ஸ்டிக்கர் என்றும் ஒருவர் சொன்னார். எல்லாமே பொருந்துகின்றன. அதனாலேயே எதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

"ஆமா அக்கா, எனக்கு அப்போ தெரியல" என்பாள் ஹெலன். அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை.